லெஃப்: ஒரு திருத்தப்படி

மூன்றெழுத்து. ஓரசை.
சொல்லி முடித்த பிறகும்
மேற்பல் கீழுதட்டை விடாமல் பிடித்திருக்கும்,
இன்னும் ஏதோ சொல்ல வந்து கடித்துக்கொண்டதுபோல.

உத்ரெக்ட்டில், கால்வாய் பார்த்த இரண்டாம் மாடியில்
பதினோரு வருடமாக ‘எல்’ எழுத்து என் பொறுப்பு.
கரண்டி, பொய், வசந்தம், ஈரல்
எல்லாம் டச்சில் அந்த எழுத்தில்தான் தொடங்கும்.
ஒரே இழுப்பறையில் சண்டையில்லாமல் கிடக்கும்.
லெஃப் மட்டும் கிடக்காது.

பொருள் ஒன்று: துணிச்சல்.
பொருள் இரண்டு: திமிர்.
ஒன்று எங்கே முடிந்து இரண்டு எங்கே தொடங்குகிறது என்று
கேட்காதீர்கள்.
அது சொல்பவரின் புருவத்தில் இருக்கிறது.
புருவத்தை அச்சடிக்க எங்களுக்கு வழி இல்லை.

எடுத்துக்காட்டுச் சீட்டுகள் ஊர் ஊராக வந்தன.
தவணை கட்டாதவள் வங்கிக்குள் போய்
வட்டியைக் குறை என்றாளாம், அதற்கு லெஃப் வேண்டும்.
கோட்டின் மார்புப்பையில் மடித்துச் செருகும் பட்டுத்துணிக்கு
லெஃப்-துணி என்று பெயர்,
மூக்குச் சிந்த உதவாது.
கையெழுத்தில்லாத ஒரு சீட்டு:
“முப்பது வருடம் அதே மனிதரோடு. இதைச் சேர்ப்பீர்களா?”
சேர்க்கவில்லை.
ஆனால் அந்தச் சீட்டை நான் குப்பையிலும் போடவில்லை.

என் கணக்கில் ஒன்று உண்டு, எழுதிக் கொடுக்காதது.
ஸான்டாமில், தூக்குப்பாலத்தின் கைப்பிடி மேல்
ஒன்பது வயது ஸீப்ரென், என் அண்ணன்.
கரையில் சைக்கிளோடு அம்மா.
“லெஃப் வைத்துத்தான் பாரேன்!” என்று கத்தினாள்.
கை வைத்துப் பார் என்றால் கை வைக்காதே என்று அர்த்தம்,
யாருக்குத் தெரியாது?
ஸீப்ரெனுக்குத் தெரியவில்லை.
அவனுக்கு இலக்கணம் மட்டும் தெரியும்.
வினை ஏவலில் இருந்தது. குதித்தான்.

ஒரு செருப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு
பாசியோடு ஏறி வந்தவனை
முதலில் அறைந்தாள்.
பிறகு ஈரச் சட்டையின் மேல் காதை வைத்து
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
சாய்ந்து கிடந்த சைக்கிளின் பின்சக்கரம்
சுற்றி நின்றது.

பதிவின் கடைசியில், சிறிய எழுத்தில், வேர்:
ஆம்ஸ்டர்டாமின் யூதச் சந்தைப் பேச்சிலிருந்து.
அங்கே அதன் பொருள், இதயம்.
பழந்துணியும் ஊறுகாய் வெள்ளரியும் கூவி விற்றவர்கள்
போகிறபோக்கில் வாய்மாற்றிக் கொடுத்த சொல்.
அப்புறம் வந்த போரில் அவர்களை ரயிலேற்றினார்கள்.
கூவ ஆளில்லாமல் சந்தை நின்றது.
சொல் நின்றுவிட்டது, எங்கள் வாயில்.
வாடகை நாங்கள் தரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை திருமதி தெர்ப்ஸ்ட்ரா வந்தார்,
பென்சிலைக் கொண்டையில் செருகியபடி.
“பத்தி ஒரு வரி வழிகிறது. வேரை வெட்டு,
வேரை யார் படிக்கிறார்கள்?”
சரி என்றேன்.
எதற்கும் சரி என்பவள் நான்.
மாடிப்படியில் எதிரே யாராவது வந்தால்
சுவரோடு ஒட்டி வழிவிடுபவள்.

அதே பதிவில், இரண்டு வரி மேலே
லெஃப்-கோஸர் இருந்தான்,
சலம்பல் பேர்வழி, மார்தட்டி.
அவனுக்கும் சரியாக ஒரே வரி.
அவனுக்கு மதுக்கடைகள் இருக்கின்றன,
நாற்சந்திகள் இருக்கின்றன, எங்கும் இடம் கிடைக்கும்.
அவனை அடித்தேன்.
சிவப்பு மை கொஞ்சம் கசிந்தது.

வியாழன் அச்சுக்குப் போனது.
அடுத்த மாதம், பசை மணக்கும் முதல் பிரதியை
என் மேசையில் விரித்து வைத்து
தெர்ப்ஸ்ட்ரா சொன்னார்:
“உனக்கு லெஃப்தான்.”

ஒன்றா, இரண்டா?
நிமிர்ந்து பார்த்தேன்.
கண்ணாடியின் தடித்த சட்டம்
புருவத்தை மறைத்திருந்தது.
நன்றி என்றேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
மன்னிப்பும் கேட்டுவைத்தேன்.